மூடிக்குள் வெள்ளை வளையம்

பூங்கோதையின் பூண்டு ஊறுகாய் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறியது 2008 பிப்ரவரியில். ஏப்ரல் இரண்டாவது வாரம் அங்கிருந்து போன் வந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவள் ஊறுகாய்த் தொழில் நடத்தினாள். எட்டு வருஷமாய் நடக்கிற தொழில். அவளையும் சேர்த்துப் பத்துப் பெண்கள். மாங்காய், நார்த்தங்காய், பூண்டு என்று மூன்றே வகை. அதில் பூண்டுதான் பேர் வாங்கியது. நல்லெண்ணெய் மேலே ஒரு விரல் கனத்துக்கு நிற்கும். புருஷன் கொளஞ்சிநாதன் செராமிக் தொழிற்பேட்டையில், கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். பீங்கானுக்குப் பளபளப்பு தருகிற பூச்சைக் கலக்குவது அவன் வேலை. அங்கே அதை கிளேஸ் என்பார்கள்.

ஜெர்மனியில் மளிகைக் கடை வைத்திருந்த குகதாசன் யாழ்ப்பாணத்துக்காரர். சிதம்பரத்துக்குச் சாமி கும்பிட வந்தவர், சாப்பிட்ட ஓட்டலில் பூண்டு ஊறுகாயை நக்கிப் பார்த்துவிட்டு, பாட்டிலைக் கேட்டு வாங்கி, லேபிளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். அப்படித்தான் அந்த ஆர்டர் வந்தது. முதல் சரக்கு போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சரக்கு ஆயிரத்து இருநூறு பாட்டில், அட்டைப் பெட்டியில் கட்டிக் கொட்டகைச் சுவரோரம் தயாராய் இருந்தது. அந்த நேரத்தில்தான் போன்.

"அக்கா, சுகமா இருக்கிறியளோ? ஒரு பிரச்சினை. உங்கட ஊறுகாயை இஞ்சத்த உணவு அதிகாரிமார் பரிசோதிச்சுப் பாத்துட்டு நிப்பாட்டிப் போட்டினம்."

பூங்கோதை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்னாங்க, பூச்சி எதுவும் இருந்துச்சா?"

"இல்லை, இல்லை. ஊறுகாயில ஒரு பிழையும் இல்லை. மூடியிலதான். மூடிக்கு உள்ளுக்க ஓரமா வெள்ளையா ஒரு வளையம் இருக்கெல்லோ, ரப்பர் மாதிரி?"

"வாஷருங்களா?"

"ஓம், அதுதான். அதிலயிருந்து ஒரு கெமிக்கல் எண்ணெய்க்குள்ள இறங்கியிருக்கு. இஞ்ச அதுக்கு ஒரு அளவு வச்சிருக்கினம். எங்கட போத்தலில அது எட்டு மடங்கு. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிப் போட்டினம்."

"அது வயித்துக்குள்ள போனா என்னா ஆவுமுங்க?"

குகதாசன் குரலைத் தாழ்த்தினார். "ஹோர்மோனைக் குழப்புமாம் அக்கா. முக்கியமா, பிள்ளைத்தாச்சிப் பெண்டுகள் சாப்பிட்டா வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் கூடாதாம். அறிக்கையை ஈமெயிலில அனுப்புறன். ஆரையும் கொண்டு வாசிச்சுப் பாருங்கோ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கொட்டகை நடுவில் பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். அன்பரசி மட்டும் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். கம்மாபுரம் பக்கத்துப் பெண். இருபத்து நாலு வயசு. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள், ஆறாம் மாசம். முதல் மூன்று மாசம் வாயில் எது வைத்தாலும் வாந்தி. பூண்டு ஊறுகாய் எண்ணெயைச் சோற்றில் பிசைந்து தின்றால் மட்டும் நின்றது. லேபிள் கோணலாய் ஒட்டிய பாட்டில்களைப் பூங்கோதையேதான் எடுத்து எடுத்து அவளிடம் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் அறிக்கையை எடுத்து, தர்மராஜ் சாரிடம் கொண்டு போனாள். அவர் செராமிக் பாலிடெக்னிக்கில் வேதியியல் வாத்தியார். கொளஞ்சிநாதனுக்கு ரொம்ப நாள் பழக்கம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டு தாளையும் நிதானமாய்ப் படித்தார்.

"வாஷர் செய்யற பிளாஸ்டிக் பி.வி.சி.ங்க. அது தன்னால கட்டையா இருக்கும், மடங்காது. மெதுவா, இழுத்தா வர மாதிரி ஆக்கறதுக்கு எண்ணெய் மாதிரி ஒண்ணச் சேப்பாங்க. தாலேட்டுன்னு பேரு. அது பிளாஸ்டிக்கோட ஒட்டிக்காது. சும்மா உள்ள ஊறிக் கெடக்கும், அவ்வளவுதான். தண்ணி பட்டா வெளிய வராது. எண்ணெய் பட்டா கரைஞ்சு வந்துடும்."

"எங்க பாட்டில்ல எண்ணெய் அங்க வரைக்கும் ஏறாதே சார். மூடிக்குக் கீழ ஒரு வெரலு எடம் வுட்டுத்தான் ஊத்துவோம்."

"சூடா ஊத்தி மூடுவீங்களா?"

"ஆமாங்க. மூடிட்டு ஒழுவுதான்னு பாக்க ஒரு நாள் முழுக்கக் கவுத்து வெப்போம்." சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சூடான எண்ணெய் ஒரு ராத்திரி ஒரு பகல் அந்த வெள்ளை வளையத்தின் மேலேயே நின்றிருக்கிறது. பெட்டியில் போகும்போதும் படுத்தும் கவிழ்ந்தும்தான் போயிருக்கும்.

"இங்க இதுக்குச் சட்டம் இருக்குதுங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஃபுட் இன்ஸ்பெக்டரக் கேளுங்க."

உணவு ஆய்வாளர் சிரித்த முகத்துக்காரர். அவளைப் பல வருஷமாய்த் தெரியும். இரண்டு தடவை கலப்படச் சோதனைக்கு அவள் ஊறுகாயை எடுத்துப் போயிருக்கிறார். இரண்டு தடவையும் சரி என்றே வந்தது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார்.

"நீங்களா வந்து சொல்ற மொத ஆளு நீங்கதாம்மா. ஆனா நான் என்னா பண்றது சொல்லுங்க? பிளாஸ்டிக் டப்பாவுலேர்ந்து மொத்தமா எவ்வளவு இறங்கலாம்னு நம்ம விதியில ஒரு அளவு இருக்குது. இந்த ஒரு பொருளுக்குன்னு தனியா அளவு கெடையாது. மூடிக்குள்ள இருக்குற வாஷரப் பத்தி யாரும் எழுதல. நான் சாம்பிள் எடுத்து அனுப்பினாலும், லேபுல இத டெஸ்ட் பண்ற மிஷினு கெடையாது."

"அப்ப வித்தா தப்பில்லையா சார்?"

"சட்டப்படி தப்பில்ல. புதுச் சட்டம் ரெண்டாயிரத்து ஆறுலயே பாஸாயிடுச்சு. அதுக்கு விதிமுறை இனிமேதான் எழுதணும். எழுதும்போது இதெல்லாம் வரலாம்." தாளை மடித்து அவளிடமே நீட்டினார். "நீங்க பயப்படாதீங்க. உங்க மேல கேஸெல்லாம் வராது."

கேஸ் வராது என்ற செய்தியோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

சேதி தங்கதுரைக்கு எப்படியோ எட்டியது. ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம் பக்கக் கடைகளுக்கு அவள் ஊறுகாயைக் கொண்டுபோய்ப் போடுகிறவன் அவன்தான். மினி வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து சுவரோரம் இருந்த பெட்டிகளைப் பார்த்தான்.

"இந்தச் சரக்க நான் எடுத்துக்கறேங்க்கா. இங்கிலீஷ் லேபிளப் பிச்சிட்டு நம்ம லேபிள ஒட்டிக் குடுங்க. ஒரே மாசத்துல ஓட்டிடலாம்."

"அவங்க வேணாம்னு தள்ளுனது தங்கதுரை."

"அவங்க ஊர்ல எதத்தான் வேணும்னாங்க? நம்ம தெருவுல டீ வாங்கப் போனா, கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவர்லதான் புடிச்சுக் குடுக்குறான். அதுக்கு எவன் என்னா கேக்குறான்? நீங்க நாலு வருஷமா இதே மூடியிலதான குடுத்தீங்க. யாரு என்னா ஆயிட்டாங்க?"

அவன் கெட்டவன் இல்லை. அவள் சங்கடத்தில் இருக்கிறாள், உதவலாம் என்றுதான் வந்திருந்தான். ஆனால் அவன் கடைசியாய்ச் சொன்னது அவள் மனசில் தைத்துவிட்டது. நாலு வருஷமா இதே மூடி. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க நன்றாய் இருக்கிறது, கெடாமல் இருக்கிறது என்று கண்ணாடி பாட்டிலுக்கு மாறினாள். கண்ணாடி என்றால் சுத்தம் என்று அவளே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

கொளஞ்சிநாதன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "குடுத்துடு கோதை. தெரிஞ்சே யாருக்கும் கெடுதி பண்ணல. இனிமே வேற மூடி பாத்துக்கலாம்."

"இப்பத்தான் தெரிஞ்சிடுச்சே."

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துப் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னாள். குகதாசன் சொன்னது, வாத்தியார் சொன்னது, இன்ஸ்பெக்டர் சொன்னது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவள் பேசி முடித்ததும் பாஞ்சாலைதான் முதலில் வாய் திறந்தாள். எல்லோருக்கும் மூத்தவள், தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவள்.

"அவனுங்க ஒடம்பு கண்ணாடி ஒடம்பு. நம்ம என்னா அப்படியா? நெய்வேலி நெலக்கரிப் புழுதியத் தின்னுட்டு, பூச்சி மருந்தத் தின்னுட்டு இருக்கோம். இந்த மூடி வந்துதான் நம்மளக் கொல்லப் போவுதா? ஆயிரத்து இருநூறு பாட்டில கீழ ஊத்தினா அது பாவம் பூங்கோதை. சோத்தக் கொட்டுற மாதிரி."

மற்றவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். அன்பரசி மட்டும் உரித்த பூண்டை முறத்தில் வைத்துவிட்டு எழுந்து, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நாலாம் நாள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. முறத்தைத் தொடாமல் நேரே பூங்கோதையிடம் வந்தாள்.

"அக்கா, நான் அத எவ்வளவு தின்னிருப்பேன்?"

பூங்கோதையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான்தான அன்பு குடுத்தேன்."

"அதக் கேக்கலக்கா. எவ்வளவுன்னு கேக்கறேன். எங்க வூட்டுக்காரரு திட்டறாரு, அழுவாதங்கறாரு. மாமியா, கோயிலுக்கு வேண்டிக்கோங்கறாங்க. யாரும் எனக்கு என்னா ஆவும்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

அன்றைக்கே இருவரும் கடைத்தெருவில் இருந்த லேடி டாக்டரிடம் போனார்கள். கூட்டம் அதிகம். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். அன்பரசியைப் படுக்க வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மிரட்டாமலும் மழுப்பாமலும் பேசினார்.

"எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. நெறயக் குடுத்தப்ப, வயித்துல இருந்த ஆண் குட்டிங்களுக்குப் பாதிப்பு தெரிஞ்சுது. மனுஷங்களுக்கு எவ்வளவு போனா என்ன ஆகும்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். இது குடிச்ச உடனே கொல்ற விஷம் இல்ல. நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல உடம்ப விட்டுப் போயிடும். உன் குழந்தை நல்லா வளருது. ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. ஆகும்னும் சொல்ல முடியாது."

"இதுக்கு மருந்து ஏதாவது?"

"மருந்து இல்லம்மா. இனிமே தின்னாத. சூடான சாம்பாரு, டீ எதுவும் பிளாஸ்டிக் கவர்ல வாங்காத. பால், கீரை நல்லா சாப்பிடு. மாசா மாசம் வா."

வெளியே வந்ததும் அன்பரசி கொஞ்சம் தெளிந்தவள் போலிருந்தாள். தெரியாது என்று ஒருவர் தெளிவாய்ச் சொன்னதே அவளுக்கு ஏதோ பிடி கிடைத்த மாதிரி இருந்தது. கம்மாபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அவளாகவே கேட்டாள்.

"அந்த ஆயிரத்து இருநூறு பாட்டில என்னாக்கா பண்ணப் போறீங்க?"

"தெரியல."

"தங்கதுரை அண்ணன் எங்க ஊர் கடைக்குத்தான் போடறாரு. எங்க தெருவுல மட்டும் மூணு பேரு மாசமா இருக்குறாங்க. ஒருத்தி என் ஓரகத்தி. அவளும் பூண்டு ஊறுகாதான் கேக்குறா." பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "நான் அவகிட்ட சொல்லிட்டேன். மத்தவங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

பூங்கோதை நடந்தே கொட்டகைக்கு வந்தாள். வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். அதை ஒரு பெரிய தீர்மானம் என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த திங்கள்கிழமை பாட்டில்களைத் திறந்தார்கள். ஊறுகாயைப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் கொட்டி, நகராட்சிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். யார் நிலத்தில் புதைத்தாலும் உப்பு மண்ணைக் கெடுத்துவிடும். பூண்டும் நல்லெண்ணெயும் மிளகாயும் சேர்ந்த வாசம் கொட்டகை முழுக்க நின்றது. பாஞ்சாலை வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கொட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மிளகாய் நெடி என்றாள். பாட்டில்களைச் சோடா போட்டுக் கழுவிக் கவிழ்த்தார்கள். மூடிகளைப் பழைய சாமான்காரன் கேட்டான். கொடுத்தால் வேறு யாராவது வாங்கித் திரும்பப் போடுவார்கள் என்று, கொளஞ்சிநாதன் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுத்தியலால் ஒவ்வொன்றாய் நசுக்கினான். அவன் அதைச் செய்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கடைகளில் இருந்த பாட்டில்களைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டமாய் இருந்தது. தங்கதுரை வர மாட்டேன் என்றுவிட்டான்.

"நீங்களே போயி ஒங்க சரக்கு ஆவாதுன்னு சொன்னீங்கன்னா, நாளைக்கு நான் எத எடுத்துக்கிட்டுக் கடப்படி ஏறுவேன்?"

அவளும் கொளஞ்சிநாதனும் வண்டியில் போனார்கள். சேத்தியாத்தோப்பில் இரண்டு கடைக்காரர்கள் பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில், கோயிலுக்குப் போகிற வீதியில் கடை வைத்திருந்த ராஜமாணிக்கம் கொடுக்க மறுத்தார்.

"நல்லா ஓடற சரக்கம்மா இது. எதுக்குத் திருப்பிக் கேக்கறீங்க? ரேட்டு ஏத்தப் போறீங்களா?"

அவள் காரணத்தைச் சொன்னாள். மூடியைத் திறந்து வெள்ளை வளையத்தைக் காட்டினாள். ராஜமாணிக்கம் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தன் கடை அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். ஜாம், தேன், வேறு இரண்டு கம்பெனி ஊறுகாய். எல்லா மூடியிலும் அதே மாதிரி வளையம்தான்.

"அப்ப இதெல்லாம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எந்த மூடியில என்னா சேத்திருக்காங்கன்னு வெளியிலேர்ந்து பாத்தா தெரியாதாம். என்னோடது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். ஆனால் பேச்சு அவரோடு நிற்கவில்லை. பத்து நாளில் விருத்தாசலம் வரைக்கும் வந்துவிட்டது, வரும்போது வேறு உருவத்தில் வந்தது. பூங்கோதை ஊறுகாயில் விஷமாம், ஜெர்மனியில் யாரோ செத்துப் போனார்களாம், போலீஸ் தேடுகிறதாம். மார்க்கெட்டில் அவளைப் பார்த்ததும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். பத்து மாசம் அவள் ஒரு பாட்டிலும் விற்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராய் நூறு நாள் வேலைக்கும், முந்திரிக்கொட்டை உடைக்கவும் போனார்கள். பாஞ்சாலையும் இன்னும் மூன்று பேரும் மட்டும் தங்கினார்கள். வேலை இல்லாத நாளிலும் பாஞ்சாலை வந்து கொட்டகையைக் கூட்டிவிட்டுப் போவாள்.

அந்த நாட்களில்தான் கொளஞ்சிநாதன் ஜாடி யோசனையைக் கொண்டுவந்தான்.

"பீங்கான் ஊர்ல இருந்துக்கிட்டு எவனோ செய்யற பிளாஸ்டிக்க நம்பி எதுக்குக் கெடக்கணும்? ஜாடியில போடுவோம். மண்ணும் நெருப்பும்தான. அதுல என்னா கெடுதி இருக்குது?"

தொழிற்பேட்டையில் தெரிந்த சூளைகளிலிருந்து மூன்று விதமான சின்ன ஜாடி வாங்கிவந்தான். ஒன்று சாதாரணப் பழுப்பு. ஒன்று வெள்ளை மேலே பழுப்பு விளிம்பு. மூன்றாவது தேன் மாதிரி மஞ்சளாய், செவ்வரளிப் பூ போட்டது. அதுதான் பூங்கோதைக்குப் பிடித்தது. பரிசுக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கும், லேபிளே வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. மூன்றையும் தர்மராஜ் சாரிடம் கொண்டு போனாள்.

அவர் ஜாடிகளில் காடி மாதிரி புளிப்பான அமிலம் ஊற்றி, மூடி ஒரு நாள் முழுக்க வைத்தார். அந்த அமிலத்தைத் தனித்தனிப் புட்டியில் அடைத்துச் சென்னையில் ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பழுப்பு ஜாடியும் விளிம்பு ஜாடியும் சரி. மஞ்சள் ஜாடியில் ஈயம் இறங்கியிருந்தது, இருக்கக்கூடாத அளவுக்கு.

கொளஞ்சிநாதன் தர்மராஜ் சார் எதிரிலேயே அந்தத் தாளை வரி வரியாய்ப் படித்தான்.

"கம்மிச் சூட்டுல அப்படிப் பளபளன்னு வரணும்னா ஈயம் போடுவாங்க. எனக்குத் தெரியும் சார். எங்க கம்பெனியில போடறதில்ல. பொம்மைக்கும் பூச்சாடிக்கும் போடுவாங்க. அதுல ஒருத்தன் ஊறுகா போடுவான்னு தோணல."

"பொம்மைக்காரரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு," என்றார் தர்மராஜ்.

கொளஞ்சிநாதன் மஞ்சள் ஜாடியை எடுத்துக்கொண்டு அதைச் செய்த சூளைக்காரனிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அவனும் பயந்துபோய், சாப்பாட்டுச் சாமானுக்கு இனி அந்தப் பூச்சைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டான். பழுப்பு ஜாடியில் இருபது போட்டுப் பார்த்தார்கள். ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தங்கதுரையின் வேன் என்ன, டவுன் பஸ்ஸில் ஒரு தடவை போய் வருவதற்குள் மூடியிடுக்கில் எண்ணெய் ஒழுகிப் பை நாறிவிட்டது. ஜாடி யோசனை அதோடு நின்றது.

ஜூலைக் கடைசியில் அன்பரசிக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். பூங்கோதை பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனாள். வார்டில் இருபது கட்டில், இருபதிலும் கூட்டம். அன்பரசி அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, குழந்தையைச் சுற்றியிருந்த துணியை அவளே விலக்கிக் காட்டினாள். கை, கால், இடுப்பு, எல்லாவற்றையும் காட்டினாள்.

"நல்லா இருக்கான்க்கா. ரெண்டு கிலோ எண்ணூறு. எல்லாம் சரியா இருக்குதுன்னு டாக்டரு பாத்துச் சொன்னாங்க. நான் ரெண்டாவது தடவையும் பாக்கச் சொன்னேன், திட்டிட்டே பாத்தாங்க."

பூங்கோதை குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் சப்புக்கொட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. அன்பரசி அதைப் பார்த்துவிட்டுத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"பெரியவனா ஆனப்புறம் ஏதாவது தெரிஞ்சா?" என்று கொஞ்சம் கழித்து அன்பரசி கேட்டாள்.

"அப்பவும் நான் இங்கதான் இருப்பேன் அன்பு."

குழந்தையை அவள் மடியில் திரும்பக் கொடுத்தாள்.

குகதாசன் கைவிடவில்லை. பி.வி.சி. இல்லாத வாஷர் வைத்த மூடி இருக்கிறது, ஏற்றுமதிக்காரர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள், சென்னையில் விசாரியுங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். விசாரித்தால் கிடைத்தது. ஆனால் ஒரு லாரி அளவுக்குக் குறைந்து தரமாட்டேன் என்றார்கள். பூங்கோதை பண்ருட்டியிலும் கடலூரிலும் தன்னைப் போல ஊறுகாய் போடுகிற இரண்டு பெண்களைத் தேடிப் போனாள். ஒருத்தி, சட்டமே கேட்கவில்லை, நீ எதற்குக் கேட்கிறாய் என்று கதவைச் சாத்தினாள். பண்ருட்டிக்காரி பெரியநாயகி மட்டும் உட்கார வைத்து மோர் கொடுத்து முழுசும் கேட்டாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஆளுக்குப் பாதி என்று இருவரும் சேர்ந்து மூடி வாங்கினார்கள். அது வந்து சேர 2009 ஜனவரி ஆகிவிட்டது. உள்ளே வளையம் நீலமாய், கொஞ்சம் கெட்டியாய் இருந்தது. நீலமாய் இருக்கிறதே என்பதால் அவள் நம்பிவிடவில்லை. ஆறு பாட்டில் போட்டு, ஒரு மாசம் கவிழ்த்து வைத்து, குகதாசனுக்கு அனுப்பினாள். அங்கே பரிசோதித்ததில் சரி என்று வந்தது.

இடையில் தர்மராஜ் சாரை வைத்து டெல்லிக்கு ஒரு கடிதமும் எழுதினாள். உணவுக்கான புது ஆணையம் விதிமுறை எழுதுவதாய்ச் சொல்கிறார்களே, அதில் மூடி வாஷருக்கும் ஒரு அளவு வைக்க வேண்டும், எண்ணெய்ச் சாமானுக்குத் தனியாய் வைக்க வேண்டும், சோதித்துப் பார்க்க நம் ஊர்ப் பக்கத்திலேயே மிஷின் வேண்டும் என்று மூன்று கேட்டிருந்தாள். கடிதம் கிடைத்தது என்று ஒரு அட்டை வந்தது. இப்போது நடப்பில் இருக்கிற சட்டத்தையும் இனி வரப்போகிற சட்டத்தையும் பற்றி அவள் இன்ஸ்பெக்டரிடம் அப்புறமும் இரண்டு தடவை போய்க் கேட்டாள். அவர் இப்போதெல்லாம் அவளைப் பார்த்தால் நாற்காலி இழுத்துப் போட்டார். "வரும்மா, வரும்" என்றார்.

மார்ச்சில் ஜெர்மனிக்கு மறுபடி சரக்குப் போனது, முன்பு போனதில் பாதி. உள்ளூரில் தங்கதுரை இன்னும் எடுக்கவில்லை. கோபம் போய்விட்டது, கடைக்காரர்கள்தான் பயப்படுகிறார்கள் என்றான். அதனால் சேத்தியாத்தோப்பு வாரச் சந்தையில் பூங்கோதையே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கூட அன்பரசி வந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பால் கட்டும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டே வந்தாள்.

காலையிலிருந்து நாலு பாட்டில்தான் போயிருந்தது. பதினோரு மணி வாக்கில் நெல் அறுப்புக்கு வந்த கூட்டத்தில் ஒரு அம்மா குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். விலை கேட்டாள். பக்கத்துக் கடையில் இதைவிட மூணு ரூபாய் குறைச்சலாய்க் கிடைக்கிறது என்றாள்.

பூங்கோதை பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அன்பரசி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மூடி வேறங்க. பழைய மூடியில எண்ணெய் பட்டா ஒரு மருந்து எறங்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. அதனால மாத்திட்டோம். அதுதான் மூணு ரூவா."

"அய்யய்ய. நீங்கதானா அந்த விஷ ஊறுகா?"

"விஷம்லாம் இல்லங்க. நான் மாசமா இருக்கறப்போ பழைய பாட்டில் எத்தனையோ தின்னேன். எங்களுக்குத் தெரிஞ்சதும் எங்கக்கா எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. பத்து மாசம் வூட்டுல உக்காந்திருந்தோம்."

அந்த அம்மா அன்பரசியை ஏற இறங்கப் பார்த்தாள். "கொழந்த?"

"எட்டு மாசம் ஆவுது. தவழறான்."

அந்த அம்மா மூடியைத் திறக்கச் சொன்னாள். திறந்து காட்டினார்கள். முகர்ந்து பார்த்தாள். பெரிய பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, சின்னதாய் ஒன்று எடுத்துக்கொண்டாள். நல்லா இருந்தா அடுத்த சந்தைக்கு வரேன் என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள்.